பிரஷர் மாத்திரையை நிறுத்திய பிறகும் கிரியேட்டினின் ஏறுவது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 58. அருப்புக்கோட்டையில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். சர்க்கரை வியாதி இல்லை. பிரஷருக்கு 11 வருடமாக அம்லோடிபின் 5 மி.கி. சாப்பிடுகிறேன். பிரஷர் சரியாக இறங்கவில்லை என்று போன வருடம் டாக்டர் டெல்மிசார்டன் 40 மி.கி. சேர்த்தார். அதற்கு முன் 1.0 இருந்த கிரியேட்டினின், மூன்று வாரத்தில் 1.2 ஆகி அப்படியே நின்றது. பரவாயில்லை என்றார் டாக்டர். எனக்கு மனசு ஆறவில்லை. இரண்டு மாதம் முன்பு ஒரு கல்யாண வீட்டில், "பிரஷர் மாத்திரைதான் கிட்னியைத் தின்னும். உன் பெரியப்பா மகன் இருபது வருஷம் போட்டான், இப்போ டயாலிசிஸ்ல கிடக்கான்" என்றார்கள். அன்றே இரண்டு மாத்திரையையும் நிறுத்திவிட்டேன். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. உறவினர் கொடுத்த கிட்னி கஷாயம் குடிக்கிறேன். முழங்கால் வலிக்கு மட்டும் மெடிக்கலில் வாங்கி அசிக்ளோஃபெனாக் தினம் இரண்டு போடுகிறேன். போன வாரம் பார்த்தால் கிரியேட்டினின் 1.5, பிரஷர் 168/100. பழைய மாத்திரையின் விஷம் இன்னும் உடம்பில் இருக்கிறதா? மாத்திரை சாப்பிட்ட காலத்தில் சாயங்காலமானால் கால் வீங்கும், நிறுத்தியதும் வற்றிவிட்டது. அது கிட்னி வீக்கம்தானே? சோற்றைக் குறைக்க வேண்டுமா? என் மனைவியும் (54) அதே டெல்மிசார்டன்தான் சாப்பிடுகிறார். அவரும் நிறுத்த வேண்டுமா?

பதில்: வணக்கம். உங்கள் கடிதத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது கிரியேட்டினின் எண் இல்லை. "முழங்கால் வலிக்கு மட்டும்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த "மட்டும்". முதல் வேலையாக அந்த வலி மாத்திரையை நிறுத்துங்கள், இன்றைக்கே. கஷாயத்தையும் நிறுத்துங்கள். பிறகு உங்கள் டாக்டருக்கு ஒரு போன் போட்டு நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொல்லி, அம்லோடிபினை இன்றே திரும்பத் தொடங்கலாமா என்று கேளுங்கள். பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார். கிரியேட்டினினையோ பொட்டாசியத்தையோ அது ஏற்றுவதில்லை. டெல்மிசார்டனை மட்டும் நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம். இரண்டு மூன்று நாளுக்குள் நேரில் போய் ரத்தப் பரிசோதனை செய்து, அவர் சொன்ன பிறகு ஆரம்பியுங்கள். இதற்கிடையில் நெஞ்சு வலி, மூச்சிரைப்பு, வாய் குழறல், கை கால் மரத்துப்போதல், கண் மங்கல், சிறுநீர் குறைவது என்று எது வந்தாலும் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

இனி உங்கள் சந்தேகத்துக்கு வருவோம். கிரியேட்டினின் என்பது தசையில் உண்டாகி, சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவு. வடிகட்டுவது குறைந்தால் ரத்தத்தில் இந்த எண் ஏறும். கடைக் கணக்கு பார்க்கிறவர் நீங்கள். இந்தக் கணக்கையும் ஒரு தடவை கூட்டிப் பாருங்கள். டெல்மிசார்டனுக்கு முன் 1.0. சேர்த்த பிறகு 1.2, அங்கேயே நின்றது. நிறுத்தி இரண்டு மாதம் கழித்து 1.5. மாத்திரைதான் சிறுநீரகத்தை அரித்தது என்றால், மாதக்கணக்கில் சாப்பிட்டபோது எண் படிப்படியாக ஏறியிருக்க வேண்டும். நிறுத்தியதும் ஏற்றம் நின்றிருக்க வேண்டும். உங்களுக்கு நடந்தது நேர் தலைகீழ். அந்த இரண்டு மாதத்தில் உங்கள் உடம்புக்குள் புதிதாக வந்தவை மூன்று: வலி மாத்திரை, கஷாயம், கட்டுக்குள் இல்லாத ரத்த அழுத்தம்.

மாத்திரை உள்ளே தேங்கி நிற்கிறதோ என்ற பயம் வேண்டாம். ஒரு நாளைக்கு ஏறக்குறைய பாதி என்ற கணக்கில் டெல்மிசார்டன் குறைந்துகொண்டே வரும். ஒரு வாரத்தில் பெயருக்குத்தான் மிச்சமிருக்கும். அதிலும் அது சிறுநீரகம் வழியாக வெளியேறுவதே இல்லை என்று சொல்லலாம். கிட்டத்தட்ட முழுவதும் ஈரல், பித்தநீர் வழியாக மலத்தோடு போய்விடுகிறது. விஷம் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. டெல்மிசார்டனுக்குப் பங்காளி முறையில் இன்னொரு மருந்துக் குடும்பம் உண்டு. எனாலாபிரில், ராமிபிரில் எல்லாம் அதில் வரும். அந்தக் குடும்பத்தின் மூத்தது கேப்டோபிரில். பிரேசில் நாட்டு விரியன் பாம்பு ஒன்றின் விஷத்தை ஆராயப் போய்த்தான் அது உருவானது. 1993-ல் அதே கேப்டோபிரில், சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரகம் கெட்டுப்போவதைத் தாமதப்படுத்துகிறது என்று நிரூபணமானது. 2001-ல் டெல்மிசார்டனின் சொந்தக் குடும்பத்தைச் சேர்ந்த லோசார்டனும் அதையே செய்து காட்டியது. சிறுநீரில் புரதம் ஒழுகுகிறவர்களுக்கு நாங்கள் தேடிப்போய்க் கொடுக்கிற மருந்துகள் இவை. அவற்றைத்தான் கல்யாண வீட்டில் கிட்னியைத் தின்னும் மாத்திரை என்கிறார்கள்.

அப்படியானால் 1.0 ஏன் 1.2 ஆனது? இதை உங்கள் டாக்டர் அன்றைக்கே பத்து நிமிடம் உட்கார்ந்து விளக்கியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது. ஆனால் வெளியே அறுபது பேர் காத்திருக்கும் ஓ.பி.யில் அந்தப் பத்து நிமிடம் கிடைப்பதில்லை. நானும் பல நாள் "பரவாயில்லை" என்ற ஒரே சொல்லில் அனுப்பியிருக்கிறேன்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் வடிகட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் நூலைவிட மெல்லிய ரத்தக்குழாய்களின் சுருள். ரத்தம் உள்ளே வர ஒரு குழாய், வெளியே போக ஒரு குழாய். இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து ஒரு நாளைக்கு வடிகட்டுவது சுமார் 180 லிட்டர். அதில் ஒன்றரை, இரண்டு லிட்டர்தான் சிறுநீராக வெளியே வருகிறது, மற்றதெல்லாம் திரும்ப ரத்தத்துக்கே போகிறது. வடிகட்டுவதற்குச் சுருளுக்குள் அழுத்தம் வேண்டும். அதற்காக ஆஞ்சியோடென்சின் என்ற பொருள், வெளியே போகும் குழாயை இறுக்கிப் பிடிக்கிறது. செடிக்குத் தண்ணீர் விடும்போது ஹோஸ் முனையைக் கட்டைவிரலால் அழுத்தினால் பின்னால் குழாய் விம்முமே, அதே மாதிரி சுருள் விம்மும். எண் அழகாக 1.0 என்று வரும். ஆனால் வருடக்கணக்கில் விம்மிக்கொண்டே இருக்கும் சுருள் மெல்ல மெல்லத் தழும்பாகிவிடும். தழும்பான வடிகட்டி மறுபடி வேலைக்கு வராது.

டெல்மிசார்டன் செய்வது, அந்தக் கட்டைவிரலை எடுத்துவிடுவது. உள்ளே அழுத்தம் தணிகிறது. வடிகட்டும் அளவும் கொஞ்சம் குறைகிறது. கிரியேட்டினின் கொஞ்சம் ஏறுகிறது. ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருந்த ஆள் வழக்கமான நேரத்துக்குத் திரும்பியது போலத்தான். இந்த மருந்தைத் தொடங்கிய இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்க்கச் சொல்வது இதற்காகவே. பழைய அளவிலிருந்து 30 சதவீதம் வரை ஏறி நின்றால் மருந்தைத் தொடரலாம் என்பது உலகம் முழுவதும் நாங்கள் கடைப்பிடிக்கிற விதி. உங்களுக்கு ஏறியது 20 சதவீதம். உங்கள் டாக்டர் மூன்றாவது வாரத்தில் பரிசோதனை எழுதினார், பார்த்தார், சரியாகவே முடிவெடுத்தார்.

அதே நேரம் ஊர்ப்பேச்சு முழுக்கப் பொய் என்றும் நான் சொல்ல மாட்டேன். சிலருக்கு இரண்டு சிறுநீரகங்களுக்கும் ரத்தம் கொண்டு போகும் பெரிய குழாய்களே சுருங்கியிருக்கும். அவர்களுக்கு இந்த மருந்து கொடுத்தால் கிரியேட்டினின் மளமளவென்று ஏறும். இந்த மருந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு மருந்தை நிறுத்திக் காரணத்தைத் தேட வேண்டும். கருவுற்ற பெண்கள் இந்த இரண்டு குடும்ப மருந்துகளையும் தொடவே கூடாது. பரிசோதனை செய்யாமல் வருடக்கணக்கில் பழைய சீட்டைக் காட்டியே மாத்திரை வாங்குவதுதான் தப்பு. அப்படி வாங்குகிறவர் யாராவது ஒருவர் பாதிக்கப்பட்டால், அந்தக் கதை பத்து ஊருக்குப் பரவிவிடுகிறது.

இப்போது வலி மாத்திரை. வெளியே போகும் குழாயைப் பற்றிச் சொன்னேன். உள்ளே வரும் குழாய் திறந்திருப்பதற்கு உடம்பு புரோஸ்டகிளாண்டின் என்ற பொருளைச் சுரக்கிறது. வயது ஏறும்போதும், பிரஷர் இருக்கும்போதும், தண்ணீர் வற்றும்போதும் சிறுநீரகம் நம்பியிருப்பது அதைத்தான். அசிக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் எல்லாம் புரோஸ்டகிளாண்டினைத் தடுத்துத்தான் வலியைக் குறைக்கின்றன. முழங்காலில் தடுக்கும்போது சிறுநீரகத்திலும் தடுக்கின்றன. வாசல் குழாய் சுருங்குகிறது, வடிகட்டிக்குப் போகும் ரத்தம் குறைகிறது. அதோடு இவை உப்பையும் நீரையும் உடம்பில் பிடித்து வைக்கும். உங்கள் 168/100-ல் ஒரு பங்கு மாத்திரை நிறுத்தியதால் வந்தது. இன்னொரு பங்கு வலி மாத்திரையால் வந்ததாகவும் இருக்கலாம். டெல்மிசார்டன், சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரை, வலி மாத்திரை மூன்றையும் ஒன்றாகச் சாப்பிட்டு, நடுவில் இரண்டு நாள் வயிற்றுப்போக்கும் வந்து, சிறுநீரே வராமல் அவசரப் பிரிவுக்குத் தூக்கி வரப்பட்டவர்களை ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறேன். வீட்டில் கேட்டால் மூன்றாவதைச் சொல்லவே மாட்டார்கள். அதெல்லாம் ஒரு மருந்தா, சும்மா வலி மாத்திரை என்பார்கள்.

முழங்காலுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். பாராசிட்டமால் 650 மி.கி., தேவைப்படும் நாளில் மூன்று வேளைக்கு மிகாமல் போடலாம். ஈரலில் கோளாறோ குடிப்பழக்கமோ இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டு. மேலே தடவும் ஜெல்லையும் கேட்டுவிட்டுப் பயன்படுத்தலாம். ரத்தத்தில் கலப்பது குறைவுதான். கல்லாவில் உயரமான ஸ்டூல் ஒன்று போட்டு உட்காருங்கள். தொடைத் தசைக்கான பயிற்சியை ஒரு பிசியோதெரபிஸ்டிடம் ஒரே ஒரு நாள் போய்க் கற்றுக்கொண்டால் போதும்.

உங்கள் பெரியப்பா மகன் விஷயம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் இது என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் இங்கே கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. உயர் ரத்த அழுத்தம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கெட்டுப்போன சிறுநீரகம் ரத்த அழுத்தத்தை இன்னும் ஏற்றும். ஆகவே டயாலிசிஸ் மையத்தில் படுத்திருப்பவர்களைக் கேட்டால், ஏறக்குறைய எல்லோருமே பிரஷர் மாத்திரை சாப்பிட்டவர்களாகத்தான் இருப்பார்கள். அவருக்குச் சிறுநீரக நோய் முதலில் வந்து அதனால் பிரஷர் வந்ததா, சர்க்கரை இருந்ததா, இருபது வருடமும் ஒழுங்காகச் சாப்பிட்டாரா, பிரஷர் எவ்வளவு இருந்தது என்று கல்யாண வீட்டில் யாரும் விசாரித்திருக்க மாட்டார்கள். லண்டன் கைஸ் மருத்துவமனையில் ரிச்சர்டு பிரைட் என்ற மருத்துவர் 1836-ல், சிறுநீரில் புரதம் ஒழுகிய நூறு பேரின் விவரங்களைத் தொகுத்து வெளியிட்டார். பலருக்குச் சுருங்கிப்போன சிறுநீரகமும் பெருத்துப்போன இதயமும் சேர்ந்தே இருந்தன. கையில் பட்டை சுற்றி ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி வந்ததே 1896-ல்தான். பிரைட் காலத்தில் பிரஷர் மாத்திரை என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது. சிறுநீரகம் அப்போதும் கெட்டுக்கொண்டுதான் இருந்தது.

கால் வீக்கத்துக்குக் காரணம் அம்லோடிபின். அது சின்ன தமனிகளை விரிக்கும். சிரைகளை அந்த அளவுக்கு விரிக்காது. அதனால் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவர்களுக்குக் கணுக்காலில் நீர் கசிந்து, சாயங்காலம் செருப்பு இறுகும். காலையில் வற்றிவிடும். மாத்திரையை நிறுத்தினால் போய்விடும். சிறுநீரக வீக்கமாக இருந்தால் பெரும்பாலும் காலையில் எழுந்ததும் கண்ணைச் சுற்றித் தெரியும், சிறுநீரில் நுரை கட்டும். டெல்மிசார்டன் சேர்த்தபோது உங்கள் கால் வீக்கம் கொஞ்சம் குறைந்திருக்க வேண்டுமே? யோசித்துப் பாருங்கள். அது சிரைகளையும் விரிப்பதால் சேர்ந்து சாப்பிடும்போது வீக்கம் குறையும். இல்லை, வீக்கம் தொந்தரவாகவே இருக்கிறது என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்று மருந்து இருக்கிறது. அதற்காக மருந்தையே விட்டுவிடக் கூடாது.

கஷாயத்தில் என்ன இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. உங்களுக்கும் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். சித்த மருத்துவத்தின் மேல் எனக்கு விரோதம் ஒன்றும் இல்லை. முறையாகப் படித்த சித்த மருத்துவர் பெயர் எழுதிக் கொடுப்பது வேறு, உறவினர் பாட்டிலில் கொண்டு வந்து கொடுப்பது வேறு. ஆடுதீண்டாப்பாளை என்று ஒரு மூலிகை இருக்கிறது. ஆடுகூடத் தொடாது என்று பெயரிலேயே எச்சரித்து வைத்திருக்கிறார்கள் பெரியவர்கள். அதிலும் அதன் இனத்தைச் சேர்ந்த மற்றச் செடிகளிலும் அரிஸ்டோலோகிக் அமிலம் உண்டு. அது சிறுநீரகத்தைத் தழும்பாக்கும். சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வர வைக்கும். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிய மூலிகை மருந்து சாப்பிட்ட பெண்கள் பலர் இதனால்தான் டயாலிசிஸுக்குப் போனார்கள். உங்கள் பாட்டிலில் இது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. என்ன இருக்கிறது என்று தெரியாததை, 1.5 கிரியேட்டினினோடு குடிக்க வேண்டாம் என்கிறேன்.

சோறு? இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நல்ல பிரஷர் மாத்திரைகள் வருவதற்கு முன், 1940-களில், அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வால்டர் கெம்ப்னர் என்ற மருத்துவர் கடுமையான பிரஷரும் சிறுநீரக நோயும் உள்ளவர்களுக்குக் கொடுத்த வைத்தியமே அரிசிச் சோறுதான். சோறும் பழமும் சர்க்கரையும், அவ்வளவே. பலருக்கு அழுத்தம் ஆச்சரியப்படும்படி இறங்கியது. முக்கியமான காரணம், அந்தச் சாப்பாட்டில் உப்பு இல்லாததுதான். நாம் அதே சோற்றை ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாயோடு சாப்பிடுகிறோம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு. அதாவது ஒரு டீஸ்பூன். எடை கூடுதலாக இருந்தால் சோற்றையும் குறையுங்கள், ஆனால் முதலில் குறைக்க வேண்டியது அந்த ஊறுகாய் கிண்ணத்தை. இந்துப்புக்கு மாறினால் போதும் என்பார்கள், அதுவும் சோடியம்தான். இன்னொன்று உங்கள் கடை அலமாரியிலேயே இருக்கும்: சோடியம் குறைந்த உப்பு என்று விற்கிறார்களே, அது. அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு நல்லது. கிரியேட்டினின் ஏறியவருக்கும் டெல்மிசார்டன் சாப்பிடுபவருக்கும் டாக்டர் சொல்லாமல் வேண்டாம். உங்களிடம் வாங்க வருகிற வயதானவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

டாக்டரிடம் போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும், கஷாய பாட்டிலையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். கிரியேட்டினின், பொட்டாசியம் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். அதைவிட முக்கியமாக, சிறுநீரில் அல்புமின்-கிரியேட்டினின் விகிதம். அல்புமின் என்பது சிறுநீரில் ஒழுகுகிற அந்தப் புரதம். ரத்தத்தில் எண் ஏறுவதற்குப் பல வருடம் முன்பே சிறுநீரகத்தின் சேதத்தைக் காட்டிக்கொடுப்பது அது. 30-க்குள் இருந்தால் நிம்மதி. 11 வருடத்தில் ஒரு முறையாவது இதைப் பார்த்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. ஒரு ஸ்கேனும் எடுக்கச் சொல்லலாம். வலி மாத்திரையை நிறுத்தி ஒன்றிரண்டு வாரத்தில் 1.5 இறங்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. இறங்காவிட்டால் ஒரு சிறுநீரக மருத்துவரைப் பாருங்கள். டெல்மிசார்டனைத் திரும்பத் தொடங்கினால், அதே இரண்டு முதல் நான்கு வாரத்தில் மறுபடி ரத்தப் பரிசோதனை. வீட்டில் கைப்பட்டைக் கருவி ஒன்று வாங்கி, காலையில் ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு பார்த்து எழுதி வையுங்கள். 130/80-க்குள் கொண்டு வருவதுதான் இலக்கு. "உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது" என்பதை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். 168-லும் அப்படித்தான் இருக்கும்.

அப்புறம், வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்து ஒன்றும் உள்ளே தங்காத நாளில் டெல்மிசார்டனை நிறுத்தி வைத்து, சரியாகிச் சாப்பிட ஆரம்பித்ததும் தொடர வேண்டியிருக்கும். அதை எப்படிச் செய்வது என்று இப்போதே டாக்டரிடம் கேட்டு, மாத்திரை டப்பாவின் மேல் எழுதி ஒட்டுங்கள். அந்த நேரத்தில் கேட்க முடியாது.

கடைசியாக உங்கள் மனைவி. அவர் நிறுத்த வேண்டாம். ஆனால் அவருடைய கிரியேட்டினின் எவ்வளவு என்று நீங்கள் எழுதவே இல்லை. இந்த எண் தசையைப் பொறுத்தது. பெண்களுக்குக் குறைவாகவே இருக்கும். 58 வயதில் உங்களுக்கு 1.5 என்றால் சிறுநீரகத்தின் வடிகட்டும் வேகம் நிமிடத்துக்கு 54 மி.லி. என்று கணக்கு வருகிறது. 54 வயதுப் பெண்ணுக்கு 1.2 இருந்தாலே அதே 54-தான். ரிப்போர்ட்டில் 1.2-க்குப் பக்கத்தில் சிவப்புக் குறி எதுவும் இல்லை என்று பல வீடுகளில் அதை எடுத்து வைத்துவிடுகிறார்கள். நீங்கள் ரத்தம் கொடுக்கப் போகும் அன்றைக்குக் கடையை அரை நாள் மூடிவிட்டு, அவரையும் கூடவே கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் முழங்கால் மாத்திரை அட்டையிலிருந்து அவரும் எடுத்துப் போடுகிறாரா என்று அதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள்.